கோலா கெத்திலில் தண்ணீர் இறங்கிய வியாழக்கிழமை

அன்று கிணற்றடியில் இருந்தவர்கள் நான்கு பேர். லூனாஸில் தண்ணீர்க் கிணறு துளைக்கும் லாரி வைத்திருக்கும் நான். இருபது வருடமாக என்னோடு வேலை செய்யும் பாடாங் செராய் குமரேசன். வாயுக் கம்பெனியின் பொறியாளர் தேன்மொழி, சுங்கை பட்டாணிக்காரர். தோட்டத்துக் காவலர் பாக் மாட். தாங்களும் இருந்ததாக இப்போது சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். இல்லை.

காலை 6.40. லூனாஸிலிருந்து புறப்பட்டேன். டயரை இரண்டு தடவை உதைத்துப் பார்த்தேன், வாசல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். பாடாங் செராயில் குமரேசன் ஏறிக்கொண்டான். மூன்று ரொட்டி சானாய், இரண்டு தே தாரே டீ, ஒன்பது வெள்ளி இருபது காசு. எனக்கு இறங்கவில்லை, மூன்றையும் அவனே தின்றான்.

"அண்ணே, நீங்க கவலப்படாம இருந்தாதான் எனக்குப் பயம் வரும் லா," என்றான்.

கவலைக்குக் காரணம் இருந்தது. கோலா கெத்தில் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு அடியில், நூற்று முப்பது மீட்டரிலேயே நிலக்கரி இருக்கிறது; அதற்குள் எரிவாயு. இந்தப் படுகையில் இதுவரை யாரும் வாயு எடுத்ததில்லை. பெரிய துளைப்பு இயந்திரம் தோட்டத்துப் பாலத்தைத் தாண்டாது. ஆழம் குறைவு என்பதால் என் சின்ன லாரியைக் கூப்பிட்டார்கள். நூற்றைம்பது மீட்டர் துளைத்துக் கொடுத்தேன். அன்று மாலை ஐந்து மணிக்குள் வாயு வராவிட்டால் துளையைச் சிமெண்டு போட்டு அடைத்துவிடுவார்கள். வந்தால் இன்னும் பதினொரு துளை, அத்தனையும் என் லாரிக்கு.

8.05. தோட்ட வாசல். வீட்டிலிருந்து நாற்பத்தொரு கிலோமீட்டர். உள்ளே மண்சடக்குப் பாதையில் இன்னும் நான்கு. முந்தின இரவு மழையில் சறுக்கிக்கொண்டே போனோம்.

பதினாறு நாளாக இரவும் பகலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வரும் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். அதை மரத்துக்கு விடாமல், பிளாஸ்டிக் விரித்த குளத்தில் தேக்கினார்கள். தண்ணீரின் அழுத்தம்தான் வாயுவைக் கரிக்குள் பிடித்து வைத்திருக்கிறதாம். தண்ணீர் இறங்கினால் வாயு விடுபடும். தேன்மொழி இதை எனக்குப் பலமுறை சொல்லியிருந்தார். நான் ஆறாம் வகுப்புக்கு அடுத்த புகுமுக வகுப்போடு பள்ளியை விட்டவன், ஆனாலும் இது தலைக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை.

11.40. குழாயில் தண்ணீர் மெலிந்து, விட்டுவிட்டு வந்தது. கிணற்றுக்காரனுக்கு இதைவிடக் கெட்ட காட்சி கிடையாது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் கருகிவிடும். அது என் சொந்த மோட்டார். ஓடிப்போய் சுவிட்சை அடைத்துவிட்டேன்.

தேன்மொழி கூடாரத்திலிருந்து ஓடி வந்தார்.

"யாருண்ணே அடைச்சது?"

"தண்ணி நின்னுருச்சு மேடம்."

"நிக்கணும்னுதானேண்ணே பதினாறு நாளா இறைக்கிறோம்."

குமரேசன் வானத்தைப் பார்த்தான். "இருபது வருஷமா தண்ணி வரலன்னு அழுதாரு. இன்னிக்கு தண்ணி போகுதுன்னு அழுவுறாரு."

மோட்டாரைத் திரும்பப் போடுவதற்குள் துளைக்குள் தண்ணீர் பதினான்கு மீட்டர் ஏறிவிட்டது. அதை மறுபடி இறக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. என்னால் போன நேரம். குமரேசன்கூட அதன் பிறகு கேலி செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

2.10. மறுபடி தண்ணீர் மெலிந்தது. கை சுவிட்சுப் பக்கம் போனது. தேன்மொழி தடுக்கவில்லை. தண்ணீர் மட்டம் பார்க்கும் நாடாவை என் கையில் கொடுத்தார்.

"நீங்களே அளந்து பாருங்கண்ணே. மோட்டாருக்கு மேல எவ்வளவு இருக்குன்னு சொல்லுங்க."

இறக்கினேன். நாடா பீப் என்றது. மோட்டாருக்கு மேல் இன்னும் இருபத்தேழு மீட்டர் தண்ணீர். ஊற்று சுரப்பதுதான் குறைந்திருந்தது, மோட்டார் முழுகித்தான் இருந்தது. அதன் பிறகு அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நானே அளந்து கத்தினேன். இருபத்து நான்கு. இருபது. பதினேழு. எண் குறையக் குறைய என் குரல் ஏறியதாகக் குமரேசன் சொல்கிறான். இருக்கலாம்.

4.22. துளையின் வாயிலிருந்த அழுத்தமானியில் முள் அசைந்தது. உள்ளே அரிசி கொதிக்கிற மாதிரி சத்தம். தேன்மொழி எங்களைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி நிற்க வைத்து, தூரத்திலிருந்து பொத்தானை அழுத்தினார். வாயுவை எரித்துப் பார்க்க நட்டிருந்த எரிகுழாய் 'புப்' என்றது.

ஒன்றும் தெரியவில்லை. நல்ல வெயில்.

"அப்பி மானா?" பாக் மாட் நெருப்பு எங்கே என்று கேட்டார்.

தேன்மொழி கையை நீட்டினார். குழாய்க்குப் பின்னால் இருந்த செம்பனைகள் மட்டும் அனலில், தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிந்துகொண்டிருந்தன. பாக் மாட் தொப்பியைக் கழற்றினார். குமரேசன் என்னைத் தூக்கிவிட்டான். எழுபத்தெட்டுக் கிலோ.

சுடர் அணையவில்லை. ஐந்து மணிக்கும் எரிந்தது. கம்பெனி ஆட்கள் சிமெண்டு மூட்டையோடு வந்து, மூட்டையை இறக்காமலே திரும்பினார்கள். இரண்டாவது துளைக்கான இடத்தில் தேன்மொழி அன்றே சிவப்புக் கொடி நட்டார்.

வீட்டுக்கு வந்ததும், எந்தக் கிணறு தோண்டிவிட்டு வந்தாலும் கேட்பதையே மனைவி கேட்டாள். "தண்ணி எப்படி?"

"நல்லா இறங்கிருச்சு," என்றேன். அன்றிரவு பூட்டை ஒரு தடவைதான் இழுத்துப் பார்த்தேன்.

கடைசித் தவணை, சுடர் எரிந்தால் மட்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. எரிந்தது. கம்பெனி எனக்கு இன்னும் தர வேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து அறுநூறு வெள்ளி.