முதலில் இறங்கியது அவளுடையது

நானும் என் மனைவியும் ஆளுக்கொரு மென்பொருள் எழுதியிருந்தோம். என்னுடையது பெரியது, மழைப் பதிவை வைத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தைக் கணக்கிடுவது. மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கிணறுகளை வைத்து வருடக்கணக்கில் வளர்த்தது. கல்லூரியில் கணிதம் நடத்தும் அவள் எழுதியது சின்னது. மழைப் பதிவில் விட்டுப்போன நாட்களை நிரப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். இரண்டும் எல்லாருக்கும் இலவசம். ஆனால் கணினியில் நிறுவுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அதனால் தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு பொதுக் களஞ்சியத்துக்கு இரண்டையும் மாற்ற நினைத்தோம். அங்கே போய்விட்டால் ஒரே கட்டளையில், தேவையான துணை நிரல்களோடு சேர்ந்து இறங்கிவிடும்.

ஒன்றாகத்தான் அனுப்பினோம். அந்த வாரமே அவளுடையதை ஏற்றுக்கொண்டார்கள். பரிசீலித்தவர், 'படிக்கவே சுகமாக இருக்கிறது' என்று வேறு எழுதியிருந்தார். அதே நாளில் என்னுடையது திரும்பி வந்தது. உரிமக் கோப்பு இல்லை, சோதனைகள் போதாது.

அன்று மதியம் அவள் பிரியாணி வாங்கி வந்தாள். தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வுபெற்ற என் அப்பா எலும்பை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"ஏலே, மருமவ புரோகிராம் பாஸாயிட்டாம்லா. ஒனக்கு எப்ப ரிசல்ட்டு?"

"என்னோடது பெருசுப்பா. நாளாகும்."

"நான் வேணா கூட இருந்து பாக்கட்டுமா?" என்றாள் அவள்.

"ஒனக்கு காலேஜ் வேலை கெடக்கும்லா. அதப் பாரு."

பிரியாணி எனக்கு மண்ணாக இருந்தது.

தனியாகவே உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தி அனுப்பினேன். இந்த முறை ஒரே ஒரு குறிப்புதான் வந்தது. மழைப் பதிவை நிரப்பும் பகுதியை நீங்களே ஏன் எழுத வேண்டும், அதற்கு இங்கே நல்ல தொகுப்பு ஒன்று இருக்கிறதே என்று கேட்டு, அவளுடையதைச் சுட்டியிருந்தார்கள். நாங்கள் ஒரே வீட்டில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

என்னுடையதே மேல் என்று காட்டிவிட வேண்டுமென ஒரு முழுப் பதிவில் சில நாட்களை மறைத்துவிட்டு இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். என்னுடையது கார்த்திகை மழையைக் குறைத்துக் காட்டியது. அவளுடையது சரியாகக் காட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு என் வரிகளை அழித்தேன். அந்த இடத்தில் அவளுடைய தொகுப்பின் பெயரை எழுதினேன்.

ஏற்றுக்கொண்டார்கள். கட்டளை கொடுத்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள். திரையில் முதலில் அவளுடையது இறங்கியது, பிறகு என்னுடையது. அது இல்லாமல் இனி இது ஓடாது.

"வந்துட்டுல்லா," என்றாள்.

"ம்."

"பின்ன ஏன் உம்முனு இருக்கிய?"

"ஒண்ணுமில்ல."

அவள் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை பெருமையடித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.