மாடி ஏறினால் மட்டும் வலித்த பல்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். என் நண்பனுக்கு அனுப்பினால் எழுத்துப் பிழைகளைத்தான் எண்ணுவான், விஷயத்தைப் படிக்கமாட்டான். ஆனாலும் எங்கள் சித்தப்பாவின் பல்லை அப்படிச் சும்மா விட மனசில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. சித்தப்பாவுக்கு மட்டாஞ்சேரியில் மசாலா கிடங்கில் வேலை. ஒரு வாரமாகத் தாடை வலி. மட்டாஞ்சேரிக்காரன் பல்வலிக்கு டாக்டரையா தேடுவான்? கை நீட்டினால் கிராம்பு மூட்டை. கடைவாயில் ஒன்றை அடக்கிக்கொண்டு மணக்க மணக்கத் திரிந்தார்.

அது விசித்திரமான பல். ஐஸ் கடித்தால் வலிக்காது, மிட்டாய் தின்றால் வலிக்காது. மாடிப்படி ஏறினால் வலிக்கும், உட்கார்ந்தால் நின்றுவிடும். எனக்கு இது போதாதா? ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் எல்லாரையும் கூட்டி நடித்துக் காட்டினேன். நாலு படி, தாடையில் கை, வாயில் கிராம்பு, தொப்பென்று உட்கார்ந்ததும் முகத்தில் தெய்வக்களை. சித்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. சித்தப்பாவே, "சரியான பிசாசுடா நீ!" என்று ரசித்தார்.

எதிர்வீட்டு நர்ஸ் சேச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"மோனே, ஒண்ணுகூடிக் காட்டு."

இன்னொரு முறை கேட்கிறார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. இம்முறை நெற்றி வியர்வையைத் துடைத்தேன், இடது தோளையும் நீவினேன்.

"அந்தத் தோளு உள்ளதா, நீ சேர்த்ததா? கள்ளம் சொன்னா அடி கிட்டும்."

"உள்ளதுதான் சேச்சி! நேத்துகூட நீவிட்டிருந்தாரு, சத்தியமா!"

சேச்சி சித்தியிடம், "இது பல்லில்ல, நெஞ்சாக்கும்," என்றார். சித்தியின் சிரிப்பு நின்றது. ஆட்டோ வந்தது.

"பல்லுவலிக்கு எர்ணாகுளம் வரைக்குமா? ஊரே சிரிக்கும்!" என்று சித்தப்பா அடம்பிடித்தார்.

"சேட்டா, மிண்டாம ஏறுங்க," என்று சேச்சி அவர் வாயை அடைத்தார்.

நானும் இடித்துக்கொண்டு ஏறினேன். பாலம் தாண்டும்வரை ஓயாத ஹார்ன், எனக்கோ திருவிழா! பெரிய இடத்தில் நடிக்கவைக்கத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்து, புதிதாக இரண்டு அசைவுகளும் யோசித்து வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் யாரும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். வெளியே வந்த காகிதத்தைப் பார்த்ததும் சக்கர நாற்காலி ஓடிவந்தது. பல் எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியாத டாக்டர்கள் என்று எனக்கு ஒரே இளக்காரம்.

இதயக் குழாயின் அடைப்பை நீக்கி, ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்த சித்தப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஏன் அழுகிறார் என்று புரியாமல், பல் பிடுங்கிய ஓட்டையைக் காட்டச் சொல்லி அவர் வாயை இரண்டு கையாலும் திறந்தேன்.

இதுவரை எழுதி நண்பனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது:

"எங்கப்பா நாலு நாளா நடந்தா நெஞ்சு எரியுதுன்னு சோடா குடிச்சுட்டிருக்காருடா, இப்பவே கூட்டிட்டுப் போறேன்."