கிளாக்டன் வரைக்கும் அவள் ஓட்டிய பஸ்

எங்கள் தமிழ்ச் சங்கத்தார் டென்மார்க்கிலிருந்து இங்கிலாந்துக் கடற்கரைக்கு பஸ்ஸில் போய் வந்தது சென்ற ஜூன் மாதம். புறப்பட்டது வியாழக்கிழமை என்று இப்போதே சிலர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இல்லை, புதன்கிழமை. நாங்கள் சில்க்போர்க்கில் ஏறினோம். ரண்டர்ஸிலிருந்தும் ஸ்கீவவிலிருந்தும் வந்தவர்கள் தங்கள் கார்களை பஸ் கம்பனியின் வளவில் விட்டுவிட்டு ஏறினார்கள். பஸ்ஸை ஓட்டியவள் என் மனைவி.

முதியோர் இல்லத்தில் நெடுங்காலம் வேலை செய்தவள் அவள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஒருநாள் பஸ் ஓட்டப் படிக்கப் போவதாகச் சொன்னாள். படித்தாள். பத்து வருடங்களுக்கு மேலாக சில்க்போர்க் நகரத்துக்குள் பஸ் ஓட்டுகிறாள். ஆனால் அவள் விரும்பியது உல்லாசப் பயண பஸ்களை. நோர்வே, ஜெர்மனியின் ஹார்ஸ் மலை, பாரிஸ் என்று போகிற உயரமான பஸ்கள். கம்பனியின் மேலாளர் கடைசியில் ஒருவாறு சம்மதித்தார். இந்த இங்கிலாந்துப் பயணத்தைக் கொடுத்துப் பார்ப்பார். பஸ் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தால் இனிமேல் நெடும்பயணங்களும் அவளுக்கு உண்டு. வராவிட்டால் பழையபடி நகரத்துக்குள்தான்.

சங்கத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. அவர் ரண்டர்ஸில் இருபது வருடம் டக்ஸி ஓடியவர். எனக்குத்தான் போன் எடுத்தார்.

“தம்பி, குறை நினையாதேயும். எங்கட ஆக்கள் ஓடினால் சரிவராது. கம்பனிக்குச் சொல்லி ஒரு டேனிஷ்காரனைப் போடச் சொல்லும்.”

“ஏன் அண்ணை?”

“இங்கிலாந்தில ரோட்டு மறுபக்கம். சனம் பயப்பிடும் எல்லோ.”

அவள் பக்கத்தில்தான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். போனை வாங்கினாள். “அண்ணை, ரோட்டுத்தான் மறுபக்கம். பஸ் அதே பஸ்தான். நீங்கள் முன் சீட்டில இருந்து பாருங்கோ” என்றாள். அவர் உண்மையாகவே முன் சீட்டில் இருந்தார்.

எஸ்பியர்கிலிருந்து ஹார்விச்சுக்கு நேராகக் கப்பல் போன காலம் ஒன்று இருந்தது. 2014 இலையுதிர்காலத்தோடு அது நின்றுபோனது. ஆகவே இப்போது வட ஜெர்மனியை முழுவதும் கடந்து ஒல்லாந்துக் கரைக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். வழியில் ஒரு இரவு பிரேமனுக்கு அப்பால் தங்கினோம். ஓட்டுநர் இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டுமென்று சட்டம். பஸ்ஸுக்குள் இருக்கும் கருவி அதைப் பதிந்துகொண்டே இருக்கும். எங்கள் ஆட்களோ தேத்தண்ணி குடித்து முடித்தவுடன் “எடுப்பம், எடுப்பம்” என்பார்கள். அவள் ஆசனத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். பஸ் அசையாது. இரண்டாம் நாள் ஒருவரும் கேட்கவில்லை.

கப்பல் துறையில் சிறு தகராறு ஒன்று. ஐரோப்பாவிலிருந்து இறைச்சியும் பால் சாமான்களும் பிரித்தானியாவுக்குள் கொண்டுபோகக் கூடாதென்று அவள் எல்லோருக்கும் இரண்டு தடவை செய்தி அனுப்பியிருந்தாள். ஆனாலும் தலைவரின் காலடியில் இருந்த பெட்டியிலிருந்து ஆட்டிறைச்சி ரோல்ஸ் மணந்தது.

“எங்களை ஆர் பிள்ளை பாக்கப் போறாங்கள்?”

“உங்களைப் பாக்க மாட்டாங்கள் அண்ணை. பஸ்ஸைப் பாப்பாங்கள். பஸ் என்ர பொறுப்பு.”

வரிசையில் நின்ற பஸ்ஸுக்குள் பெட்டி கைமாறிக் கைமாறிப் பின் ஆசனம்வரை போனது. அந்த மாலை எல்லோருக்கும் ரோல்ஸ்தான். தலைவரும் தன் பங்குக்கு மூன்றைச் சாப்பிட்டார், யாரோ தர்மம் கொடுத்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு.

வெள்ளி காலை ஹார்விச்சில் இறங்கினோம். முதல் சுற்றுவட்டத்தில் எல்லோரும் முன் ஆசனங்களை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அவள் இடப்பக்கமாக நுழைந்து, வட்டமடித்து, வெளியே வந்தபோது பின்னால் ஒரு அக்கா கைதட்டினார். “தட்டாதேங்கோ அக்கா, இன்னும் கன வட்டம் இருக்கு” என்று அவள் ஒலிவாங்கியில் சொன்னாள்.

நாங்கள் தேடி வந்த கடற்கரையான கிளாக்டன் பெரிய ஊர் இல்லை. கடலுக்குள் நீண்டு போகிற பழைய இறங்குதுறை, அதன்மேல் ராட்டினங்கள், கரையோரம் வரிசையாக நிறநிறமான மரக் குடில்கள், கையிலிருக்கும் உருளைக்கிழங்கைப் பறிக்கிற கடற்காகங்கள். எங்களுக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆண்கள் துணி நாற்காலிகளில் சாய்ந்து சீட்டுக்கட்டைப் பிரித்துக் கடதாசி விளையாடினார்கள். பெண்கள் சேலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்று, வட கடலைவிட இது சூடு என்றார்கள். இதுவும் வட கடல்தான் என்று நான் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை.

டென்மார்க் பஸ்ஸுக்குக் கதவு வலப்பக்கம். இங்கிலாந்தில் அந்தப் பக்கம் நடைபாதை இல்லை, வாகனங்கள் ஓடும் வீதி. ஒவ்வொரு தடவையும் அவள் முதலில் இறங்கி, மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு, கையை நீட்டி வீதியில் நிற்பாள். கடைசி ஆள் நடைபாதைக்குப் போகும்வரை கை இறங்காது. எதிரே வந்த லொறிகள் நின்றன. அந்தக் கையை எத்தனையோ வருடங்களாகப் பார்க்கிறேன். அதற்கு லொறிகளை நிறுத்தும் பலம் இருந்தது எனக்குத் தெரியாது.

இனி எங்கள் ஆட்களின் பிழையைச் சொல்ல வேண்டும். இது ஓய்வாக ஆறியிருக்கும் பயணம், லண்டன் பயணம் அல்ல, உறவினர் வீடுகளுக்குப் போவதில்லை என்று கூட்டத்தில் முடிவெடுத்திருந்தோம். எல்லோரும் கை உயர்த்தினார்கள். கை உயர்த்திய எல்லோரும், வேறு யாரும் சொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், லண்டனில் இருக்கும் தங்கள் சொந்தக்காரருக்கு மட்டும் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து கார்கள் வரத் தொடங்கின. புக்கை, நண்டுக்கறி, புட்டு, மூன்று விதமான வடை. மத்தியானம் கடற்கரையில் எங்களைவிட லண்டன்காரர் அதிகம். “இவ்வளவு கிட்ட வந்திட்டு ஒரு நேரம் சாப்பிடாமல் போறதோ?” என்று எல்லோரும் எல்லோரையும் கேட்டார்கள்.

மாலையில் கப்பலுக்குப் புறப்பட வேண்டும். வழியனுப்ப அத்தனை பேரும் நாங்கள் தங்கியிருந்த ஹோட்டலின் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பஸ் ஹோட்டலின் பின் வளவில் நின்றது. வெளியேற ஒரே வழி, இரண்டு செங்கல் தூண்களுக்கு நடுவே, ஒடுங்கிய வீதிக்கு இடப்பக்கம் திரும்புவது. தூண்களுக்கு நேர் எதிரே யாரோ ஒரு உள்ளூர்க்காரர் ஒரு வெள்ளைக் காரை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஹோட்டல்காரர் வீடு வீடாகத் தட்டிப் பார்த்தார். கார்க்காரரைக் காணவில்லை. கப்பல் காத்திருக்காது.

அவள் பஸ்ஸை மெதுவாக முன்னுக்கு எடுத்தாள். உடனே வீதியில் நின்ற அத்தனை பேரும் ஓட்டுநர்களானார்கள்.

“விடு, விடு, விடு!”

“இடப்பக்கம் ஒடியுங்கோ பிள்ளை!”

“ஐயோ, பின்பக்கம் முட்டப்போகுது!”

“ஒண்டும் முட்டாது, நீங்கள் வாங்கோ!”

எல்லோரையும்விட உரக்கக் கேட்டது, இன்னும் ஏறாமல் வீதியில் நின்ற தலைவரின் குரல். நான் உள்ளே முன் ஆசனத்தில் இருந்தேன். அந்த வெள்ளைக் காரின் கண்ணாடி எங்கள் பஸ்ஸின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மேலாளர் சொன்ன அந்த ஒரு கீறல் இங்கேதான் காத்திருந்தது என்று நினைத்தேன்.

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். கீழே இறங்கி பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து சில்லுகளைப் பார்த்தாள். பிறகு முதியோர் இல்லத்தில் மருந்து குடிக்க மறுப்பவர்களிடம் பேசும் குரலில் சொன்னாள்:

“எல்லாரும் அந்தப் பக்க நடைபாதைக்குப் போங்கோ. கதைக்க வேண்டாம். அண்ணை, நீங்கள் மட்டும் இஞ்ச வாங்கோ.”

தலைவர் வந்தார்.

“வலப்பக்கத் தூணடியில நில்லுங்கோ. என்ர கண்ணாடியில உங்கட முகம் எனக்குத் தெரியவேணும். பஸ்ஸின்ர வால் தூணுக்குக் கிட்ட வந்தால் கையை உயர்த்துங்கோ. வாய் வேண்டாம். கை மட்டும்.”

“நான் இருபது வருசம்…”

“அதுதான் உங்களைக் கூப்பிட்டனான்.”

அவர் போய் நின்றார். பஸ் நகர்ந்தது, நின்றது, கொஞ்சம் பின்வாங்கியது, மறுபடி நகர்ந்தது. அவள் இரண்டு கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள், அவசரமே இல்லாமல். தலைவரின் கை ஒருமுறை உயர்ந்தது. அவள் நிறுத்தினாள், ஸ்டியரிங்கை முறித்துத் திருப்பினாள், எடுத்தாள். அவர் கை மெல்ல இறங்கியது. வெள்ளைக் கார் என் ஜன்னலைக் கடந்து பின்னால் போனது. தூண்களும் போயின. வீதி திறந்தது.

நடைபாதையில் கதைக்க வேண்டாமென்று சொல்லப்பட்டவர்கள் போட்ட சத்தத்தில் கடற்காகங்கள் கூரையிலிருந்து எழுந்து பறந்தன. தலைவர் வியர்த்துப்போய் ஏறினார். லண்டன் சொந்தக்காரர் ஒருவர் கதவடியில் நின்று, “ஆர் அண்ணை இந்த ட்ரைவர்?” என்று கேட்டார்.

“எங்கட ஆள்” என்றார் தலைவர். “சில்க்போர்க்.”

செவ்வாய் மாலை சில்க்போர்க்கில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு, மேலாளர் வந்து பஸ்ஸைச் சுற்றி நடந்தார். இரண்டு தடவை சுற்றினார். கண்ணாடிகளின் கீழ்ப்பக்கத்தை விரலால் தடவினார். அவர் டென்மார்க்கின் யூட்லாந்துப் பக்கத்தவர், அந்தப் பக்கத்தார் அளந்துதான் பேசுவார்கள். “பரவாயில்லை” என்றார் டேனிஷில். அவர் வாயிலிருந்து அது பெரிய சொல். பிறகு, ஓகஸ்டில் நோர்வேக்கு ஒன்று இருக்கிறது, மலைப்பாதை, போவாயா என்று கேட்டார்.

“ஓம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். அவருக்கு அது விளங்கியது.

எங்கள் காருக்கு நடந்தோம். அவள் திறப்பை என்னிடம் நீட்டினாள். “இஞ்சாருங்கோ, நீங்கள் ஓடுங்கோ. நான் நித்திரை கொள்ளப் போறன்.” வளவின் வாசலைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். நோர்வேயில் மலைப்பாதை ஓட்டப்போகிற ஒருத்தி பக்கத்தில் இருக்கும்போது எப்படி ஓட்ட வேண்டுமோ அப்படி, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வீடுவரை மெதுவாக ஓட்டினேன்.