செக்கர் வாங்கிய படங்கள்

பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவரை, ஓய்வுபெற்ற பிறகும் அக்கம்பக்கத்தில் ‘செக்கர்’ என்றுதான் சொன்னார்கள். டிக்கெட் எடுக்காதவன் சொந்த மாமனே ஆனாலும் பாதி வழியில் இறக்கிவிட்ட ஆள். கல்யாணம் ஆகவில்லை. இரண்டாம் மாடியில் ஓர் அறை, அலமாரி நிறைய சினிமா டிவிடிகள். ஒன்றுகூடத் திருட்டு டிவிடி கிடையாது.

மூன்று வருஷம் முன்பு தங்கை போன் செய்தாள். அவள் கணவர் அப்போது படுத்த படுக்கை.

“அண்ணா, உங்ககிட்ட ஒரு கப்பல் படம் இருக்கே, அதை ஒரு காப்பி போட்டுக் குடுங்களேன். இவர் ஆசைப்படறார்.”

“காப்பி போடறது தப்பும்மா. சட்டம் ஒத்துக்காது.”

“சரிண்ணா” என்று வைத்துவிட்டாள். அதோடு அவளாகப் பேசுவது நின்றுபோயிற்று. மாப்பிள்ளை இறந்தபோது போய், வாசலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

இந்த மழைக்காலம் முடிந்து பார்த்தால், அந்தக் கப்பல் படம் பாதியில் உறைந்து நின்றது. டிவிடி தட்டின் விளிம்பு பழுப்பேறியிருந்தது. மற்றவற்றையும் போட்டுப் பார்த்தார். ஏழு படங்கள் ஓடவேயில்லை. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமே என்று ஒரு பையில் அள்ளிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்.

“காப்பி எடுக்க முடியாதபடி இதுல பூட்டு போட்டிருக்கு சார். உடைச்சு காப்பி எடுத்துடலாம், அஞ்சு நிமிஷ வேலை” என்றார் கடைக்காரர்.

“சட்டப்படி சரியா?”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

பையோடு திரும்பியவர், கீழ்வீட்டு வக்கீலிடம் கேட்டார்.

“காசு குடுத்து வாங்கினவன் தனக்குன்னு ஒண்ணு எடுத்துக்கலாம்னு ஒரு வாதம். பூட்டை உடைச்சாலே குத்தம்னு இன்னொரு வாதம். உங்க வீட்டுக்கு வந்து யாரும் சோதனை போடப் போறதில்ல சார்.”

“தங்கச்சிக்கு எடுத்துக் குடுத்தா?”

“அது கூடாது. ஆனா வாங்கின தட்டையே குடுத்தனுப்பலாமே. நீங்களே கொண்டுபோய் கூட உட்கார்ந்து பார்க்கலாம். அதை எந்தச் சட்டம் தடுக்குது?”

தட்டைக் கொடுத்தால் கீறல் விழுமே என்றுதான் தங்கை கேட்ட அன்றைக்குச் செக்கர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சட்டத்தின் மேல் பழியைப் போட்டிருந்தார்.

சாயங்காலம் தங்கைக்குப் போன் செய்தார்.

“அந்தப் படத்தை நான் அப்பவே கொண்டு வந்திருக்கலாம்மா.”

“இப்ப எதுக்குண்ணா அது? அவருக்குத்தான் பிடிக்கும். எனக்கு அந்தப் படம் பிடிக்கவே பிடிக்காது.”

“வேற ஏதாவது கொண்டு வரட்டுமா?”

“ஒண்ணும் வேணாம். வர்றதுன்னா சும்மா வாங்க.”

படங்களை அவர் காப்பி எடுக்கவேயில்லை. அவை ஒவ்வொன்றாகக் கெட்டுக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு தங்கை வீட்டுக்குப் போனார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவரும் இரண்டு துண்டுகளை எடுத்து மடித்தார். பேச்சு சரளமாக வரவில்லை.

கிளம்பும்போது கேட்டார்: “அடுத்த வாரமும் வரட்டுமா?”

“வீட்லதான் இருப்பேன்” என்றாள்.