அம்மாவுக்காகக் கட்டிய சாண எரிவாயு

அம்மா வீட்டைவிட்டுப் போனதற்கு விறகடுப்புப் புகைதான் காரணம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தோம். எல்லோரும் என்றால் அப்பா, அத்தை, நான். அம்மாவைக் கேட்கவில்லை. கேட்க அவள் வீட்டில் இருந்தால்தானே?

அவளுக்கு இருமல் இருந்தது உண்மைதான். மழைக்காலத்தில் ஈர விறகை வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவாள். கேஸ் சிலிண்டருக்குப் பதிந்துவிட்டு எங்கள் ஊர் நெரவியில் பாதிப் பேர் காத்துக்கிடந்த காலம் அது. ஒரு நாள் இருமி முடித்துவிட்டு, "இந்தப் பொகையில இனிமே என்னால முடியாதுங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். கொஞ்ச நாளில் கோட்டுச்சேரியில் இருந்த பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பள்ளிக்கூடம் கெட்டுப்போகும் என்று என்னை விட்டுவிட்டுப் போனாள். காரைக்காலில் பஸ் மாறினால் கோட்டுச்சேரி வந்துவிடும். ஆனால் என்னைத் தனியாக பஸ் ஏற்ற யாரும் தயாராக இல்லை, ஆகவே எனக்கு அது டெல்லியைவிடத் தூரம்.

அப்பா, வயல்களுக்கு நடுவே இருந்த எண்ணெய்க் கிணற்றில் ஒப்பந்தக் காவலாளி. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் வேலைக்குப் போயிருப்பார். அடுத்த தெருவிலிருந்து அத்தை வந்து சோறாக்கி மூடி வைத்துவிட்டு, தன் வீட்டைப் பார்க்க ஓடிவிடுவாள். அப்புறம் நான் மட்டும்தான். கொல்லைக் கதவைத் திறந்தால், வயலுக்கு அப்பால் ஒரு உயரமான குழாயின் உச்சியில் தீ எரிந்துகொண்டிருக்கும். எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் வாயுவை அங்கே கொளுத்திவிடுவார்கள். அதற்குக் கீழேதான் அப்பா நிற்கிறார் என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தொழுவத்தில் மாடுகள் இருந்தன. அவை என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. சில நாள் அழுகை பொத்துக்கொண்டு வரும். என்ன ஏது என்று கேட்க ஆள் இல்லாத அழுகையில் என்ன ருசி இருக்கிறது? நானே நிறுத்திக்கொள்வேன்.

ஒரு நாள் அப்பா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். கிணற்றில் வேலை பார்த்த ஒரு இன்ஜினியர் அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார்.

"அங்க எரியுது பாரு, அதே கேஸுதான் நம்ம மாட்டுச் சாணியிலயும் வருமாம் பாப்பா. துளிப் பொகை இருக்காதாம். அம்மா இருமவே வேண்டாம்."

அடேயப்பா, அப்புறம் அவருக்கு வந்த வேகத்தை என்னவென்று சொல்வது! கொல்லையில் கிணறு போலக் குழி வெட்டினார்கள். கொத்தனார் வந்து செங்கல் வைத்துக் கட்டினார். குழியின் மேல் கவிழ்த்து வைக்கக் கறுப்புச் சாயம் பூசிய பெரிய இரும்பு டிரம் வண்டியில் வந்து இறங்கியது. ஊரே வேடிக்கை பார்த்தது. பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி. அதில் சாணியைத் தண்ணீர் விட்டுக் கரைத்துத் திறந்துவிட்டால் குழிக்குள் போய்விடும். தொழுவம் கழுவும் தண்ணீரும் வீணாகாமல் அதே தொட்டிக்கு வரும்படி அப்பா ஒரு வாய்க்கால் இழுத்தார். அந்த வாய்க்கால் அவருக்கு ரொம்பப் பெருமை.

உள்ளே வாயு சேரச் சேர டிரம் மேலே ஏற வேண்டும். கரைசலின் மேல் ஆடை கட்டாமலிருக்க, தினமும் டிரம்மைப் பிடித்து ஒரு சுற்றுத் திருப்பிவிட வேண்டும். அது என் வேலை. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டேன்.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க நெறைய இருக்காம். காத்தே படாத எடத்துல சாணியத் தின்னுட்டு கேஸு விடுமாம்" என்றார் அப்பா.

விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் மறுநாள் சாயங்காலம் டிரம்மில் காதை வைத்துக் கேட்டேன். குளுக் குளுக் என்று ஏதோ சத்தம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "என்ன, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். அன்றிலிருந்து பள்ளிக்கூடக் கதை, அத்தையின் குழம்பைப் பற்றிய புகார், அம்மா வந்ததும் என்னென்ன கேட்க வேண்டும் என்ற கணக்கு, எல்லாம் அவற்றிடம்தான். வீட்டில் எனக்கு ஆள் இருந்தது. ஒருவரும் இடையில் எழுந்து போகவில்லை.

முதலில் வந்த வாயு எரியவில்லை. அதைத் திறந்துவிட்டுக் காத்திருந்தோம். பிறகு ஒரு காலையில் அப்பா தீக்குச்சியைக் காட்ட, அடுப்பில் நீலமாகப் பற்றியது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா அன்றைக்கே கோட்டுச்சேரிக்கு ஆள் அனுப்பினார். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று அம்மா பதில் சொல்லியனுப்பினாள்.

நான் தரையில் நிற்கவில்லை. அம்மா வரப்போகிறாள், இனிப் போகமாட்டாள்!

சாணி நாற்றமும் அவளுக்கு ஆகாது என்று அத்தைக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. "கொல்லைய நல்லாக் கழுவி உடுடா தம்பி. வந்தவ மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கப்போறா" என்றாள். அப்பா பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் வாங்கி வந்தார். பொங்கலுக்குக்கூட எங்கள் தொழுவம் அப்படி ஒரு குளியலைக் கண்டதில்லை. வெள்ளிக்கிழமை வரை தினமும் காலையில் பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். கழுவிய தண்ணீர் முழுவதும் அவர் பெருமைப்பட்ட வாய்க்கால் வழியாக, சொட்டுக்கூட வீணாகாமல் குழிக்குள் போனது.

டிரம் ஏறுவது நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. "கோவமா?" என்று கேட்டேன். பினாயில் வாசனைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா வந்தாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். அவளை நேராக அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போய்த் தீக்குச்சியைக் கிழித்தார். நீலமாக ஒரு துளி துடித்து அணைந்தது. மறுபடி கிழித்தார். குச்சிதான் எரிந்தது.

"முந்தாநாள் வரைக்கும் நல்லா எரிஞ்சுச்சு. சத்தியமா. ஒனக்காவத்தான் கட்டுனேன்."

"தெரியுதுங்க" என்றாள் அம்மா. "பரவால்ல, வெறகடுப்பு இருக்குல்ல."

முந்தானையைச் செருகிக்கொண்டு விறகை அடுக்கினாள். அடை மழையில் நனைந்த விறகு. அடுப்பங்கரை முழுக்கப் புகை மண்டியது. எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது, அப்பா வெளியே போய் இருமினார். அம்மா நிதானமாக ஊதி, டீ போட்டு, எங்கள் எல்லோருக்கும் ஆற்றிக் கொடுத்தாள். பிறகு பீரோவைத் திறந்து தன் புடவைகளைப் பைக்குள் வைத்தாள். என் தலையைப் பின்னி, ரிப்பன் கட்டி, என்னைக் கொஞ்ச நேரம் மடியில் போட்டுக்கொண்டாள். சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இப்போது நான் காரைக்காலில் வேதியியல் டீச்சர். மீத்தேன் பாடம் வந்தால், ஒரு கார்பன் அணுவைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன், சாணியிலிருந்து வந்தாலும் எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்தாலும் பொருள் ஒன்றே என்று போர்டில் வரைவேன். சாணியில் இருக்கும் கார்பன், போன போகத்து வைக்கோல் காற்றிலிருந்து எடுத்தது. எரிந்தால் காற்றுக்கே போய் அடுத்த நாற்றில் ஏறிக்கொள்ளும். பூமிக்குள்ளிருந்து வருவது மனிதன் பிறப்பதற்கு முன்பே புதைந்தது. ஒருமுறை மேலே வந்து எரிந்துவிட்டால் திரும்பிப்போக அதற்கு வழி தெரியாது, வானத்தில் தங்கிச் சூட்டைப் பிடித்துவைக்கும். "அப்போ ஏன் மிஸ் கொளுத்துறாங்க, சும்மா விட்டா என்ன?" என்று யாராவது கேட்பார்கள். சும்மா விட்டால் சூடு இன்னும் ஏறும் என்று சொல்வேன். பினாயில் கிருமிகளை, நல்லது கெட்டது பார்க்காமல் கொல்லும் என்பதையும் சொல்வேன். பாடத்தில் இருப்பதெல்லாம் எனக்கு நன்றாக விளங்கிவிட்டது.

அன்று அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டு அப்பா திரும்பியதும், ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, அம்மாவுக்கு இருமல் நல்லாயிடுச்சுப்பா! அவ்ளோ பொகையிலயும் ஒருவாட்டிகூட இருமல. இனிமே வந்துரும்ல?"

அப்பா மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார். பிறகு கொல்லைக்குப் போய் டிரம்மைப் பிடித்துத் திருப்ப ஆரம்பித்தார். ஒரு சுற்றுப் போதும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே, நிறுத்தாமல் சுற்றிக்கொண்டிருந்தார். கேஸ் வரவழைக்கத்தான் சுற்றுகிறார் என்று நினைத்து, நானும் போய் மறுபக்கத்தைப் பிடித்துத் தள்ளினேன்.