குறுக்குக் கோடு

"ஊரு ஊரா போய்க்கினே இருக்கிற இஸ்கூலுக்கு எங்கன்னு கடுதாசி போடுவ?" நான் புறப்பட்ட அன்று அத்தை அம்மாவைக் கேட்டாள். பருவத்துக்கு ஒரு நாடு என்று மாறும் பள்ளி எங்களுடையது.

"எம்பொண்ணு எங்க போனாலும் என் கடுதாசி பின்னாலயே போவும். நீ கம்முனு இரு" என்றாள் அம்மா.

அப்படியே வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் எழுதித் தர, அடியில் அம்மா கட்டைவிரல் ரேகை வைப்பாள். இந்தப் பருவத்துக்கு நாங்கள் இருக்கும் மொம்பாசாவுக்கு நேற்று வந்த கடிதத்தில் அந்த ஊதா ரேகை முழுசாக இருந்தது.

சின்ன வயதில் பழவேற்காட்டில் என்னை முதன்முதலாகப் பள்ளியில் சேர்த்த காலை. மீன் அரிந்துகொண்டிருந்த அம்மாவின் கையை, "நேரமாவுது, வாம்மா" என்று இழுத்தேன். அரிவாள்மனை கட்டைவிரலில் இறங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு மீன் வாடையோடு நடந்தாள்.

"வேற விரல வைம்மா" என்றார் வாத்தியார், சேர்க்கைப் படிவத்தை நீட்டி.

"எம்பொண்ணு படிக்கறதுக்கு இதான் சார் வெப்பேன்."

காயம் ஆறியும் ரேகையின் குறுக்கே ஒரு கோடு நின்றுவிட்டது.

நேற்றைய கடிதத்தில் "நான் சௌக்கியம், நல்லா படி" என்றுதான் இருந்தது. ரேகை மட்டும் குறுக்குக் கோடு இல்லாமல், அகலமாக, வலைக்கயிறு இழுத்துத் தேய்ந்திருந்தது. அது என் அப்பா, நைனாவின் விரல். போன மாதக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் கோடு இல்லை. பரீட்சை அவசரத்தில் நான் கவனிக்கவே இல்லை. உயிரோடிருந்தால் அம்மா எனக்கு வேறு விரலை வைக்க விட்டிருக்க மாட்டாள். படிப்பை விட்டு ஓடி வந்துவிடுவேன் என்று அவள் இறந்ததை நைனா மறைத்திருக்கிறார்.

"நைனா, இனிமே உன் ரேகையை உன் பேர்லயே வை. பரீட்சை முடிச்சிட்டு வரேன்" என்று எழுதினேன். இன்று காலை முதல் தாள் எழுதப் போகும் வழியில் அதைத் தபாலில் சேர்த்துவிட்டேன்.