வஜ்தியின் பூதக்கண்ணாடி

ஹரிஸ்ஸா மிளகாய் விழுது டப்பாவைத் திறப்பதற்கு முன் அதில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்தை முழுக்கப் படித்து முடிக்கிறார் வஜ்தி. ரொட்டியும் முட்டையும் ஆறிப்போகின்றன. அதற்கென்றே சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. "மிளகாய் முக்கால்வாசின்னு போட்டிருக்கான், டாக்டரம்மா. மீதி என்னன்னு தெரியாம எப்படி வாயில வைக்கிறது?"

மொனஸ்தீரில் உள்ள எங்கள் ஆய்வகத்தில் செல்களுக்குச் சோறு போடுபவர் அவர்தான். குடுவையில் சிவப்புத் திரவம் மஞ்சளடித்தால் செல்களுக்குப் பசி. ரமலானில்கூட அவற்றைக் கவனித்துவிட்டுத்தான் நோன்பு திறக்க வீட்டுக்குப் போவார். "அவங்களுக்கு ஏது நோன்பு?" அந்தச் செல்கள், ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் இறப்பதற்கு முன் கையெழுத்திட்டுக் கொடுத்த மூளைக்கட்டியிலிருந்து வந்தவை. செல்களை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வஜ்தி, "சபாஹுல் கைர், டீச்சர்" என்று காலை வணக்கம் சொல்வார்.

அவற்றின் மேல் அடினோசின் என்ற, நம் உடலே உண்டாக்கும் பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. அடினோசின் வந்து ஒட்டினால் செல்லுக்குள் சேதி போகும். கட்டி வளர்வதிலும் பரவுவதிலும் அந்தச் சேதிக்குப் பங்குண்டு. காப்பி நம்மைத் தூங்கவிடாமல் செய்வதும் இதே மாதிரி ஏற்பிகளில் போய் இடம் பிடித்துக்கொண்டுதான். கட்டிக்குப் போகும் சேதியை மறிக்க வழி தேடினேன். மறிப்பதற்கு முதலில் அது எழ வேண்டும். ஆனால் எட்டு மாதம் அடினோசின் விட்டும் சேதியே எழவில்லை. பொறுமை எனக்கு எப்போதுமே கொஞ்சம் குறைவு. ஏற்பி வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி, வருகிற வெள்ளிக்கிழமை எல்லாக் குடுவைகளிலும் ப்ளீச் ஊற்றி அழித்துவிடச் சொன்னேன்.

"டீச்சரையுமா?" என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை ஒரு கசங்கிய தாளோடு வந்து நின்றார். பக்கத்துக் காசநோய்ப் பரிசோதனைக் கூடத்தின் குப்பையில் பொறுக்கியது, ஏதோ பரிசோதனை மருந்துப் பெட்டிக்குள் வந்த விளக்கத்தாள். ஒரு வரியின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தார். கன்று இரத்தச் சீரம் கலக்கக் கூடாது, இந்தச் சோதனையில் அளக்கும், அடினோசினைச் சிதைக்கும் நொதி அதிலேயே இருக்கிறது என்று போட்டிருந்தது.

"நான் டீச்சருக்குப் போடற சோத்துல பத்துல ஒரு பங்கு இந்தச் சீரம்தானே, டாக்டரம்மா? நீங்க விட்டதை இது வழியிலேயே தின்னுடுச்சு போல. டீச்சர் காதுல ஒண்ணும் விழுந்திருக்காது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் செல்களைக் கழுவி, சீரம் இல்லாத திரவத்தில் அடினோசின் விட்டுக் கால்மணி கழித்து அளந்தோம். சேதி எழுந்திருந்தது. ஏற்பியை அடைக்கும் மருந்தை முதலில் விட்ட குடுவையில் அது அடங்கிக் கிடந்தது. ப்ளீச் புட்டியை வஜ்தியே எடுத்து அலமாரியில் வைத்தார்.

அந்தச் செல்கள் இன்று இருப்பது அவரால்தான். அந்த நன்றியை நான் யாரிடமும் மறைப்பதில்லை. அவருக்குத்தான் கூச்சம். "கீழே கிடந்ததைப் படிச்சேன், அவ்வளவுதான்."

இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை அச்சாகி வந்ததும் அவரிடம் கொடுத்தேன். வழக்கம்போலக் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில், நன்றிப் பட்டியலில் தொடங்கினார். பூதக்கண்ணாடி இரண்டு முறை மேலும் கீழும் போனது. தன் பெயரை அங்கே காணாமல் தாளை மடிக்கப் போனார். நான் வாங்கி முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். தலைப்புக்குக் கீழே, என் பெயருக்கு முன்னால், வஜ்தி கர்ஸல்லி என்று வாசலிலிருந்தே படிக்கிற அளவுக்குப் பெரிதாக இருந்தது.

அவர் அதன் மேலும் பூதக்கண்ணாடியை வைத்து, குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.